பூமியின் மடிப்பு

கோவில்பதாகையில் ஓர் அம்மாள் கேட்டார்: "பெட்ரோல் எடுக்கிறார்களே, அது பூமிக்கடியில் ஏரி மாதிரியா தளும்பிக்கொண்டிருக்கிறது?" ஏரிக்கரை ஊர்க்காரர், அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஏரியுமில்லை, குளமுமில்லை. கோரைப்பாயை இரு பக்கமும் பிடித்து நெருக்குங்கள். நடுவே புடைத்துக்கொள்கிறதல்லவா? பாறை அடுக்குகளும் இப்படித்தான் மடிகின்றன. என்ன, லட்சக்கணக்கான வருஷம் பிடிக்கும்! மணற்பாறையின் பொடித் துவாரங்களில் தண்ணீரும் எண்ணெயும் ஊறிக் கிடக்கின்றன. எண்ணெய் லேசு, மெள்ள மெள்ள ஏறிப் புடைப்பின் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேலே களிப்பாறை மூடி. மூடி விண்டுபோனால் அத்தனையும் போயிற்று.

குஜராத்தில் அங்கலேஸ்வரத்தில் 1960-ல் எண்ணெய் கிடைத்தது இப்படிப்பட்ட மடிப்பு ஒன்றில்தான். முதல் கிணற்றின் பெயர் 'வசுதாரா'. பெண் பெயர், கவனித்தீர்களா? உச்சியைத் தவறவிட்டுச் சரிவில் வெகுவாக இறங்கித் துளைத்தால் உப்புத் தண்ணீர்தான் வரும், செலவென்னவோ அதேதான்.

நம் காவேரிப் படுகை இன்னும் பொல்லாதது. அங்கே பாறை பாயாக மடியவில்லை; அப்பளமாக முறிந்து, மேடும் பள்ளமுமாகப் புதைந்து கிடக்கிறது. 1964-ல் துளைக்கத் தொடங்கினார்கள். நரிமணம் வாய்திறந்தது 1985-ல்!