கர்ப்பிணியின் எடை: அட்டையில் எழுதினால் மட்டும் போதுமா?

'வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்' - வளைகாப்பு வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு இது. உடம்பு பூசினாற்போல இருந்தால் ஆரோக்கியம் என்ற நினைப்பும் கூடவே வரும். ரத்த அழுத்தத்தின் கணக்கு வேறு.

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அது 'பிரீ-எக்லாம்ப்சியா'. முற்றினால் வலிப்பு வரும். ஊரில் 'ஜன்னி' என்பார்கள். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. கர்ப்பத்துக்கு முந்தைய பி.எம்.ஐ. 5 முதல் 7 வரை கூடும்போதெல்லாம் இந்த ஆபத்து சுமார் இருமடங்காகிறது என்கின்றன ஆய்வுகள். எடை குறைவானவர்களுக்கு வராது என்றும் அர்த்தமில்லை.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4% பேர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9%.

அதற்காகக் கர்ப்பமான பிறகு பட்டினி கிடந்து இளைக்கப் பார்ப்பது தப்பு. 'இவ்வளவு குண்டா இருக்கியே' என்று கர்ப்பிணியைத் திட்டுவது அதைவிடத் தப்பு. திட்டு வாங்கியவர் அடுத்த செக்கப்புக்கு வரத் தயங்குவார், பி.பி. ஏறுவதைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே வழியும் அடைபடும்.

எடையை அட்டையில் குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதில் பயனில்லை. முதல் பரிசோதனையிலேயே உயரத்தையும் அளந்து பி.எம்.ஐ. கணக்கிட வேண்டும். தலைச்சன் பிரசவம், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே பிரச்சினை என வேறு காரணங்களும் சேர்ந்தால், குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். (தானாக வாங்கிப் போடும் மாத்திரை அல்ல இது.) 12-வது வாரத்துக்குப் பிறகு, 16-வது வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஐந்தாம் மாதத்தில் முதன்முறையாக வருபவருக்கு அந்த நேரம் கடந்திருக்கும்.

இன்னொன்று, கையில் சுற்றும் பி.பி. பட்டை. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருந்தே ஆக வேண்டும்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் தெரிந்தால், 'உடம்புல நீர் கோத்திருக்கு, சரியாயிடும்' என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்கலாம். பிரசவத்தோடும் இது முடிவதில்லை. குழந்தை பிறந்த 3 முதல் 6 நாட்களில் பி.பி. மறுபடி ஏறலாம். பலர் அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். குழந்தையைப் பார்க்க வரும் செவிலியர் தாயின் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.