பெயர் சொல்லாத துக்கம்

மனத்தில் உள்ளதை ஒளிவுமறைவின்றிக் கொட்டிவிடுவதே மெய்யான அன்புக்கும் மெய்யான துக்கத்துக்கும் லட்சணம் என்று இந்நாளில் எல்லோரும் பேசக் கேட்கிறோம். நீலகிரி மலையில் லவ்டேலையும் உதகையையும் சூழ்ந்த மேட்டுப் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்துவந்த தோதவர்களின் பாட்டுச் சம்பிரதாயத்தைச் சற்றேனும் அறிந்தவர்கள் இந்தச் சித்தாந்தத்தை அவ்வளவு சுலபமாக ஒப்பமாட்டார்கள்.

1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரி மொழிகளை ஆராய்ந்த எமனோ என்னும் மொழியியல் அறிஞர், தோதவர் பாடல்களைத் திரட்டி 1971இல் பெருநூலாக வெளியிட்டார். அப்பாடல்களில் ஒரு தொடரைப் பாடினால், அதற்கு இணையென்று முன்னோர் வகுத்த மறுதொடரையும் பாடியே தீர வேண்டும். ஆளின் பெயரையோ வெளிப்படச் சொல்வதில்லை. இன்ன குலம், இன்ன மந்து என்னும் குடியிருப்பு, இன்ன எருமை என்று சுற்றிவளைத்துப் பாட, கேட்பவர் தாமே ஆளை உணர்ந்துகொள்வர். இறந்தவர் பெயரை உச்சரிப்பதே அவர்களிடையே விலக்கு. அப்படியானால் அவர்கள் துக்கம் வெறும் சடங்குதானா? சாவுச் சடங்கில் இருவர் இருவராக அமர்ந்து, நெற்றியோடு நெற்றி சேர்த்து வாய்விட்டு அழும் வழக்கத்தை, 1906இல் வெளிவந்த தம் நூலில் மானிடவியல் அறிஞர் ரிவர்ஸ் விவரித்திருக்கிறார். உடம்பு ஒளிக்காமல் அழுகிறது, பாட்டு மறைத்துப் பேசுகிறது. இவற்றில் எதைப் பொய்யென்பது?

அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று விதித்து, சொல்லாமல் சொல்வதற்கு உள்ளுறையும் இறைச்சியும் வகுத்து, உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை ஆராய மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே ஒதுக்கிய தொல்காப்பியத்தை வைத்திருக்கும் நமக்கு, இது விளங்காத ரகசியமன்று. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்த ஒரு கட்டுப்பாட்டை, ஏட்டில் எழுதிவைக்காத மொழியொன்று இந்த மலைமேல் பிறப்பிலும் சாவிலும் கைக்கொண்டு வந்திருக்கிறது.

தோதவர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். சால்வையை வாங்கிச் செல்லும் உல்லாசப் பிரயாணிக்குப் பாட்டைப் பற்றிச் சொல்வார்தான் இல்லை. உதகையை அடுத்த முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அப்பாடல்களைத் தோதவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, தமிழ் உரையுடன் மாவட்டப் பள்ளிகளுக்கு அனுப்பும் பொறுப்பை அரசு அதனிடம் ஒப்படைக்க வேண்டும். பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே ஒப்படைக்க வேண்டும்.