ஏழாவது மாதத்துக்கு யார் பொறுப்பு?

கடந்த மாதம் வெளிவந்த ஒரு கட்டுரையின் சாரம் இது: பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர், பெட்ரோல் என்று எதையாவது உறிஞ்சி அந்தப் போதைக்கு அடிமையான பிள்ளைகளை உள்ளூரில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது வீண்வேலை, கண்காணாத தொலைவில், முடிந்தால் வெளிமாநிலத்தில், ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் விட்டால்தான் மீள்வார்கள். இதை ஐந்து காரணங்களால் நிறுவிவிட்டதாகக் கட்டுரையாளர் நம்புகிறார். ஐந்தையும் பொறுமையாகப் படித்தேன். ஒன்று மற்றொன்றின் காலை வாருகிறது. ஐந்தும் சேர்ந்து பிள்ளையின் காலை வாருகின்றன. வெறும் கருத்து வேறுபாடாக இருந்தால் விட்டிருப்பேன். இதை நம்பி ஒரு தாய் கம்மலை அடகு வைத்து, பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாத ஊரில் கொண்டுபோய் விட்டுவிடக்கூடும் என்பதால் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதல் காரணம், சூழலிலிருந்து பிரிப்பதே பாதி வைத்தியம் என்பது. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பஞ்சர் கடை, பெயிண்ட் கடை, ஸ்டேஷனரி கடை, வாசலில் நிற்கும் பைக்கின் டேங்க் என்று இந்தச் சரக்கு எங்கும் கிடைப்பதுதான் ஆபத்துகளிலெல்லாம் பெரிய ஆபத்து என்று இதே கட்டுரையின் தொடக்கத்தில் அவரே புலம்பியிருக்கிறாரே! எங்கும் கிடைக்கும் ஒன்றிலிருந்து ஒருவனைப் பிரித்து எங்கே கொண்டுபோவது? பஞ்சர் கடை இல்லாத ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது? கஞ்சாவுக்கும் ஹெராயினுக்கும் விற்பவன், வாங்குபவன், கைமாற்றுபவன் என்று ஒரு சங்கிலி உண்டு. ஊர் மாறினால் அது அறுபடும் என்றாவது வாதிட இடமிருக்கிறது. சொல்யூஷனுக்கு அப்படி ஒரு சங்கிலியே கிடையாது. அதை மறுக்கும் திடத்தை, பிள்ளை நாளை எந்தத் தெருவில் நடமாடப் போகிறானோ அந்தத் தெருவில்தான் பழக வேண்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆறு மாதம் உறிஞ்சாமல் இருந்தது கதவின் சாமர்த்தியம். பிள்ளையின் கணக்கில் அதை எப்படி வரவு வைப்பது? சூழல்தான் குற்றவாளி என்று முழங்கிவிட்டு, அந்தச் சூழலை ஒரு இம்மிகூட அசைக்காமல் அப்படியே விட்டுவைத்து, பிள்ளையை மட்டும் நாடு கடத்தச் சொல்வது எந்த ஊர் தர்க்கம்? ஆறு மாதம் முடிந்ததும் அவன் அதே பேருந்து நிலையத்தில் இறங்கி, அதே சந்துக்குத்தான் நடந்து வருவான். அந்த ஏழாவது மாதத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

இரண்டாவது காரணம், இது கொடிய விஷம், ஆகவே நீண்ட நாள் அடைத்து வைக்க வேண்டும் என்பது. முதல் பாதி உண்மை. பசைகளிலும் தின்னரிலும் உள்ள டொலுயின் போன்ற கரைப்பான்கள் மூளையின் வெண்பொருளை அரிக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சில பசைகளிலுள்ள ஹெக்சேன் கை கால் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். உறிஞ்சிய சில நிமிடங்களில் இதயம் தாளம் தப்பி ஆளே சாய்ந்துவிடுவதும் உண்டு. இப்படி நேர்ந்த 110 திடீர் மரணங்களை அமெரிக்காவில் மில்லார்ட் பாஸ் என்பவர் 1970இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். ஆனால் இந்த உண்மைகளிலிருந்து தொலைதூர மையம் எப்படி முளைக்கிறது? கால் எழாமல் கிடக்கும் பிள்ளைக்கு வேண்டியது அன்றிரவே ரத்தப் பரிசோதனை. அதைச் செய்யக்கூடியது அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய அரசு மருத்துவமனை. திடீர் மரணத்தின் காரணத்தைக் கட்டுரையாளர் ஒரு பத்தி கூடுதலாகப் படித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும்: கரைப்பான் ஏறிய இதயம் அட்ரினலினைத் தாங்காது, போதையில் இருக்கும் பிள்ளையை மிரட்டுவதும் துரத்துவதும் மல்லுக்கட்டுவதும் உயிருக்கே உலை வைக்கும். அப்படியிருக்க, விடியற்காலையில் வேனோடு வந்து நாலு பேர் அமுக்கிப் பிடித்துத் தூக்கிப்போகும் மையங்களின் முறையை "உறுதியான தலையீடு" என்று அவர் பாராட்டுகிறார்.

சரி, விஷம் இறங்கிய பிறகு என்ன வைத்தியம்? இந்த அடிமைத்தனத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து ஒன்றும் இதுவரை இல்லை. எரிச்சல், தூக்கமின்மை, குமட்டல், நடுக்கம் போன்றவற்றைச் சமாளிக்கச் சில நாட்களோ சில வாரங்களோ மருத்துவக் கவனிப்பு வேண்டும். அதன்பின் உள்ளதெல்லாம் பேச்சு, குடும்பம், பள்ளி, பொழுது. இந்த நான்கில் மூன்று பிள்ளையின் ஊரில் இருக்கின்றன. தொலைதூர மையம் தரக்கூடியது முதலாவதை மட்டும்தான், அதையும் பிள்ளைக்குப் புரியாத மொழியில் தரும் வாய்ப்பே அதிகம். வெளிமாநிலம் உத்தமம் என்று எழுதியவர், பதின்மூன்று வயதுப் பையன் தன் மனதில் உள்ளதை எந்த மொழியில் கொட்டுவான் என்று யோசிக்கக்கூடவா மறந்தார்?

மூன்றாவது காரணம், நிபுணர்கள் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள் என்பது. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் சென்னை அடையாற்றில் இயங்கும் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையும் பெரும் பணி செய்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் சிபாரிசு செய்வது இவற்றையல்ல, ஊருக்கு வெளியே மதில் கட்டிய "கட்டுப்பாடான" மையங்களை. நிம்ஹான்ஸின் பெயரைக் காட்டி, சம்பந்தமே இல்லாத ஒரு வாசலில் வாசகரைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இங்கே நடக்கிறது. அந்த வாசலுக்குள் மனநல மருத்துவர் தினமும் இருப்பாரா, எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுப் போவாரா? சிறுவருக்குத் தனி அறை உண்டா, குடிநோயாளிகளான நாற்பது வயது ஆண்களோடு சேர்த்துப் படுக்கவைப்பார்களா? எதையும் அவர் கேட்கவில்லை, எண்ணிக்கையையும் பார்க்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்ட பிறகு, எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சைப் பிரிவு நடத்திய, 2019இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் புழங்கும் ஒரே போதை இந்த உறிஞ்சும் வகைதான். பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 1.17 விழுக்காடு. உதவி தேவைப்படும் நிலையில் இருந்த சிறுவர்கள் மட்டும் சுமார் 4.6 லட்சம். இத்தனை பேரையும் எந்த ரயிலில் ஏற்றி எந்த மாநகருக்கு அனுப்பப்போகிறார்?

உள்ளூர் வைத்தியம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை என்பதால், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவமனை, மனநலப் புறநோயாளிப் பிரிவு. பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும். மூக்கின் கீழும் வாயைச் சுற்றியும் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. சட்டையில் பெயிண்ட் கடை வாடை. மருத்துவர் அவனிடம் ஏன் உறிஞ்சுகிறாய் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்குத் தோணும் என்று கேட்டார். "நாலு மணிக்கு மேல, சார்." பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன், கூட்டாளிகள் தெருவுக்கு வரும் நேரம் நாலு மணி. அம்மா நாலைந்து வீடுகளில் வேலை முடித்துத் திரும்ப ஏழு ஆகும். இரண்டு தெரு தள்ளி அத்தை மாலையில் இட்லிக் கடை போடுகிறார் என்பது பேச்சுவாக்கில் வெளிவந்தது. நாலிலிருந்து ஏழு வரை அத்தை கடை, திங்கள்கிழமைதோறும் மருத்துவமனை, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான் மருந்துச் சீட்டு. அவன் உடனே திருந்திவிட்டானா? இல்லை; அடுத்த மாதமே ஒருமுறை சறுக்கினான். ஆனால் மறுநாள் காலை அதே மருத்துவர் முன்னால், அம்மாவோடு வந்து உட்கார்ந்தான். இந்த வைத்தியத்தின் உயிர்நாடியே அந்த மறுநாள் காலைதான். சறுக்கல் இந்த நோயின் இயல்பு. சறுக்கியவன் மறுநாள் போய்த் தட்டக் கதவு வேண்டும். 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கதவை அவன் எப்படித் தட்டுவான்?

இதில் சட்டம் எந்தப் பக்கம் என்றும் பார்த்துவிடலாம். போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, அதன் 18ஆம் பிரிவில், சிகிச்சைக்காக எவரும் நெடுந்தூரம் பயணம் செய்ய நேரக்கூடாது, வசிப்பிடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்று அரசைக் கட்டுப்படுத்துகிறது. 87ஆம் பிரிவு இன்னும் கறாரானது: சிறாரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும், பெற்றோரோ உரிய துணையாளரோ சிகிச்சைக் காலம் முழுவதும் உடன் தங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளைத் தாண்டினால் வாரியம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். தினக்கூலிக்குப் போகும் தாய் ஆறு மாதம் வெளிமாநிலத்தில் உடன் தங்குவாளா? அவள் தங்க முடியாது என்றால், கட்டுரையாளர் பரிந்துரைப்பது சட்டத்துக்கு வெளியே நடக்கும் ஒரு காரியம். "முதல் மூன்று மாதம் பெற்றோர் பார்க்க அனுமதியில்லை" என்பதை மையத்தின் சிறப்பாக எடுத்துச் சொன்னவருக்கு இந்தப் பிரிவுகள் தெரியாதா, தெரிந்தும் மறைத்தாரா? தெரியாமல் எழுதினார் என்றால் அது அலட்சியம். தெரிந்தே மறைத்தார் என்றால் அதற்குப் பெயர் வேறு.

நான்காவது காரணத்தில்தான் பூனைக்குட்டி வெளியே வருகிறது: வெளியூரில் வைத்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாது, குடும்ப மானம் காப்பாற்றப்படும் என்கிறார். இத்தனை நேரம் பிள்ளையின் மூளையைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் கவலைப்பட்டவரின் உண்மையான கவலை இதுதானா? உறிஞ்சிவிட்டுச் சந்தில் தள்ளாடியபோது ஊருக்குத் தெரியாதது, மருத்துவமனை வரிசையில் நின்றால்தான் தெரிந்துவிடுமா? காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிய வேண்டும் என்ற குடும்பத்தின் ஆசையும், கேள்வி கேட்க ஆள் வரக்கூடாது என்ற மையத்தின் தேவையும் கைகுலுக்கும் இடம் இது. அந்தக் கைகுலுக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். எங்கெங்கிருந்தோ குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள் அவர்கள். தொலைவு அவர்களைக் குணப்படுத்தவில்லை. அவர்கள் எப்படி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதைத்தான் மறைத்தது. கால் நூற்றாண்டு கழித்து அதே தொலைவை நற்பண்பாக விற்க வருகிறவருக்கு இந்த மாநிலத்தின் வரலாறு அவ்வளவு இளப்பமாகிவிட்டதா?

ஐந்தாவது காரணம் வெளிநாட்டுச் சான்று. கனடாவும் ஆஸ்திரேலியாவும் பெட்ரோல் உறிஞ்சிய பழங்குடிப் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பித்தான் காப்பாற்றின என்கிறார். பாதிக் கதையைப் படித்துவிட்டு முழுத் தீர்ப்பு! கனடாவின் லாப்ரடார் பகுதியில் உள்ள டேவிஸ் இன்லெட்டில், 1993 ஜனவரியில், கடுங்குளிரில் ஒரு கொட்டகைக்குள் பெட்ரோல் உறிஞ்சியபடி சாக விரும்புவதாகக் கத்திய ஆறு இன்னு இனச் சிறுவர்களின் காணொளி உலகை உலுக்கியது. சிறுவர்களை விமானத்தில் ஏற்றி, நாட்டின் மறுபக்கத்தில் அல்பெர்ட்டாவில் இருந்த மையத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் மீண்டும் உறிஞ்சினார்கள். குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் இல்லாத வீடுகள் அப்படியே இருந்தன. 2000இல் அதே ஊர் மீண்டும் அதே நெருக்கடியில் நின்றது. இது கட்டுரையாளருக்குச் சான்றா, எனக்கா? ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமுவில் வால்பிரி பழங்குடி மக்கள் 1994 முதல் தங்கள் பிள்ளைகளை 160 கிலோமீட்டர் தள்ளி மவுண்ட் தியோவுக்கு அனுப்பியதும், அந்த ஊரில் உறிஞ்சும் பழக்கம் ஒழிந்ததும் உண்மையே. ஆனால் மவுண்ட் தியோ அவர்களுடைய சொந்த நிலம். பார்த்துக்கொண்டவர்கள் அவர்களுடைய சொந்தப் பெரியவர்கள். பேசியது சொந்த மொழி. ஊருக்குள் இளைஞர்களுக்கான விளையாட்டும் வேலைகளும் அதே கையோடு தொடங்கப்பட்டன. போதாததற்கு, முகர்ந்தால் போதை ஏறாத பெட்ரோலை 2005 முதல் அந்த வட்டாரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளையை மட்டும் அல்ல, பங்க்கையும் மாற்றினார்கள்! கிலோமீட்டரை மட்டும் எண்ணியவருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை.

அப்படியானால் வெளியூரே கூடாதா? கூடும், கணக்காக. வீட்டிலேயே அடியும் பாலியல் கொடுமையும் நடக்கும்போது, திரும்பிப் போக வீடே இல்லாதபோது, மூளையோ சிறுநீரகமோ கெட்டு உயர் சிகிச்சை வேண்டியிருக்கும்போது பிள்ளையை அங்கிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், உடன் தங்க ஆள் வேண்டும், அவன் கிளம்பும் முன்பே திரும்பி வரும் நாளுக்கான ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சிகிச்சை அல்ல, கைகழுவல்.

மற்ற பிள்ளைகளுக்கு வேண்டியது மாவட்டத்தில் இருக்கிறது, அல்லது இருந்தாக வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிறுவருக்கென்று ஒரு நாள், ஒரு தனி அறை, வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வரும் ஒரு சமூகப் பணியாளர். கடைப் பக்கமும் கைவைக்க வேண்டும்: ஒயிட்னரையும் தின்னரையும் பாட்டிலில் சில்லறையாக விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2012இலேயே சொல்லிவிட்டது, சொன்னதை நடத்திக்காட்ட வேண்டும். சிறாருக்கு மதுவும் போதைமருந்தும் புகையிலையும் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. அந்தப் பட்டியலில் சொல்யூஷன் இல்லை, அதைச் சேர்க்க வேண்டும். வெளியூர் மையத்துக்குக் கூட்டம் சேர்க்கச் செலவான எழுத்தில் பாதியை இந்தக் கோரிக்கைகளுக்குச் செலவழித்திருந்தால் கட்டுரையாளரை நானே கைதட்டி வரவேற்றிருப்பேன். பிள்ளையை அனுப்பச் சொல்லும் எவரும் அவன் திரும்பும் நாளுக்கு எந்த மருத்துவர், எந்தப் பள்ளி, எந்த வீடு என்று பெயர் சொல்லட்டும். சொல்ல முடியாதவருக்குப் பெற்றவர்களிடம் ஆலோசனை சொல்லும் தகுதி கிடையாது.