சொறி சிரங்கும் களிம்பு வியாபாரமும்

“சொறி பிடித்தவனே” என்று திட்டுவது நம் நாட்டில் வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். வியாதி வந்தவனையே குற்றவாளியாக்கும் வசை இது. குளிக்காததால் வந்தது, அழுக்கால் வந்தது, சோம்பலால் வந்தது என்று வசதி படைத்தோர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை ஏழை மக்களும் நம்பி, சிரங்கை மறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். மறைக்கப்பட்ட சிரங்கு ஒரு வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து சேரிக்கும், விடுதிக்கும் பரவுகிறது.

உண்மை என்ன? சிரங்கு அழுக்கினால் வருவதல்ல. நாள்தோறும் இரு வேளை குளிப்பவனுக்கும் வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலின் மேற்பகுதியைக் குடைந்து, உள்ளே முட்டையிடுவதால் வருகிறது. ஒருவர் தோல் இன்னொருவர் தோலோடு நெடுநேரம் ஒட்டியிருந்தால் பூச்சி இடம் மாறும். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்துறங்கினால் அது யாரைத்தான் விட்டுவைக்கும்? வேறு மாநிலங்களிலிருந்து வந்த கட்டிடத் தொழிலாளர் தகரக் கொட்டகையில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். மில் விடுதிகளில் இளம் பெண்கள் ஒரே பாயில் இருவராகப் படுக்கிறார்கள். சிரங்கின் பிறப்பிடம் இந்த இடநெருக்கடிதான்.

அடையாளம் காண்பது கடினமல்ல. விரலிடுக்குகள், மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றிய பகுதி, மறைவிடம் ஆகியவற்றில் சிறு கொப்புளங்கள் தோன்றும். பகலில் பொறுத்துக்கொள்ளலாம், இரவில் தூங்க விடாது. வீட்டில் ஒருவருக்கு மேல் இரவில் சொறிகிறார்கள் என்றால் பெரும்பாலும் அது சிரங்குதான். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகியவற்றிலும் வரும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. முதல் தடவை பூச்சி தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவர் வீட்டார் அனைவருக்கும் கொடுத்துவிட்டிருப்பார்! ஆகவே அரிப்பவருக்கு மட்டும் மருந்து போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளும் வேலை.

மருந்து இருக்கிறது. 100க்கு 5 பங்கு பெர்மெத்ரின் சேர்ந்த களிம்பு நல்ல மருந்து. இரவில் கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி, பிட்டம், மறைவிடம் எதையும் விடாமல் தடவி, எட்டு மணி நேரமாவது வைத்திருந்து, காலையில் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி தடவ வேண்டும். குழந்தைகளுக்குத் தலையிலும் முகத்திலும், கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தடவ வேண்டும்; இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு டாக்டரிடம் கேட்காமல் தடவக் கூடாது. வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பு இல்லாதவர்களும் உட்பட, ஒரே இரவில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. உடுத்திய துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். முடியாவிட்டால் ஒரு பையில் கட்டி நான்கு நாள் தொடாமல் வைத்தால் போதும், பூச்சி செத்துவிடும். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். மருந்து பலிக்கவில்லை என்று எண்ணித் திரும்பத் திரும்பத் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். வேப்பிலையும் மஞ்சளும் இதமாக இருக்கலாம். பூச்சியை ஒழிப்பதற்கு அவற்றை நம்பி இருக்க வேண்டாம். மண்ணெண்ணெய் தடவுவது அறவே கூடாது.

போர்வையைப் பற்றி ஒரு பழைய கதை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிரங்கு பெருகியது. போர்வைகளையும் துணிகளையும் புகைபோட்டுச் சுத்தம் செய்வதற்கு சர்க்கார் பெரும் பொருளைச் செலவிட்டது. மெல்லன்பி என்ற விஞ்ஞானி, யுத்தத்தில் சேர மறுத்த தொண்டர்களை வைத்து 1941 முதல் ஷெஃபீல்டு நகரில் பரிசோதனை நடத்தினார். நோயாளிகளின் துணியை உடுத்தியவர்களுக்குச் சிரங்கு வருவது அபூர்வம் என்றும், உடலோடு உடல் படுவதே காரணம் என்றும் தெரிந்தது. யுத்தம் வேண்டாமென்று மறுத்தவர்களைக் கோழைகள் என்று ஏசினார்கள். தம் தோலைக் கொடுத்து ராணுவத்துக்கே உதவியவர்கள் அவர்கள்தாம்.

இனி நம் ஆஸ்பத்திரிகளுக்கு வருவோம். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு தடவை தடவ ஏறத்தாழ 30 கிராம் களிம்பு தேவை. பெரியவர்கள் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு தடவைக்குப் பத்து டியூப். ஆனால் பல இடங்களில் சீட்டு எழுதியவருக்கு மட்டும் ஒரு டியூப் கொடுத்து அனுப்புகிறார்கள். தாய் அதைப் பிள்ளைக்குத் தடவுகிறாள், மிச்சத்தைத் தன் விரலிடுக்கில் பூசிக்கொள்கிறாள், கணவனுக்கு இல்லை. மூன்று வாரத்தில் பிள்ளைக்கு மறுபடி சிரங்கு. “சுத்தமாக இருக்க மாட்டீர்களா?” என்று திட்டும் வாங்கிக்கொண்டு வருகிறாள். கணக்குத் தவறியது யாருக்கு?

இது ஏதோ அற்ப விஷயம் என்று கருதுவோருக்கு ஒன்று சொல்வோம். சொறிந்து புண்ணான இடத்தில் சீழ்க் கிருமிகள் புகுகின்றன. சில குழந்தைகளுக்கு அதன் விளைவாகச் சிறுநீரகம் வீங்கிக் கெடுகிறது. சிரங்குப் புண் உள்ள குழந்தைக்கு முகம் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்து கறுத்துப் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் 20 கோடி பேருக்கு இது இருப்பதாக அதன் மதிப்பீடு. ஒழிக்க முடியாததா? பிஜி நாட்டின் சிறு தீவுகளில் நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் போன்றோருக்கு மட்டும் களிம்பு. 100க்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு ஓராண்டில் 100க்கு 2 பேராகக் குறைந்தது. 2015இல் இந்த முடிவு வெளியாயிற்று. நம் நாட்டு விடுதிகளிலும் கொட்டகைகளிலும் இதைச் செய்ய என்ன தடை?

சிரங்குக்காவது மருந்துப் பற்றாக்குறைதான் தொல்லை. படர்தாமரைக்கோ மருந்துக் கடையே தொல்லையாகிவிட்டது. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து படரும் இந்த நோய் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. வியர்வையில் நனைந்த இறுக்கமான உடையோடு பத்து மணி நேரம் நிற்கும் காவல் தொழிலாளிக்கும் ஓட்டுநருக்கும் இது தொழில் தந்த பரிசு. அவர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஒரு டியூப் எடுத்துக் கொடுக்கிறார். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. கைராசிக்காரக் கடை! ஒரு மாதத்தில் பத்து மடங்கு படர்ந்து வருகிறது. ஏனெனில் அந்த டியூபில் குளோபெட்டாசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையை அடக்காது. உடம்பின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சைக்குச் சோறு போடும். தோல் மெலிந்து, கோடு கோடாக வெடிக்கும். இதே சரக்கை முகம் வெளுக்கும் என்று இளம் பெண்களுக்கும் விற்கிறார்கள். வெளுப்பதற்குப் பதில் முகம் சிவந்து எரிந்து, மயிர் முளைத்து நிற்கிறது.

சர்க்காருக்கு இது தெரியாதா? தெரியும். 2018ஆம் ஆண்டில் பதினான்கு வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தார்கள். அவற்றில் தோல் களிம்புகளும் இருந்தன. காகிதத்தில் சட்டம் இருக்கிறது. கடை மேசையில் டியூப் இருக்கிறது. சேர்மானத்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுப் பெயரில் விற்பது மருந்து முதலாளிகளுக்குக் கைவந்த கலை. இதன் பலன், சாதாரண மருந்துக்கு அடங்காத பூஞ்சை ஒன்று இந்தியாவில் பெருகிற்று. 2020இல் விஞ்ஞானிகள் அதற்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து ‘இண்டோட்டினியே’ என்று பெயர் வைத்தார்கள். இன்று அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காணப்படுகிறது. நம் ஏற்றுமதிப் பெருமையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்!

ஆகவே வாசகர்கள் டியூபை வாங்குமுன் அதிலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தோழர்கள் படித்துக் காட்ட வேண்டும். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் படர்தாமரைக்கு அது ஆகாது. குளோட்ரிமசோல், டெர்பினாஃபைன் போன்ற பூஞ்சை மருந்து மட்டும் தனியாக இருக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை வரை தடவி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் தடவ வேண்டும். உடம்பில் பல இடங்களில் படர்ந்துவிட்டால் களிம்பு போதாது. டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தடவியவர்கள் அதை டாக்டரின் யோசனைப்படி நிறுத்துவது நல்லது.

கட்டிடத் தொழிலாளரின் கையைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. ஈரச் சிமெண்ட் சுண்ணாம்பைப் போல் காரமானது, தோலை அரித்துவிடும். அதிலுள்ள ஒருவகைக் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி, பிறகு சிமெண்டைத் தொட்டாலே கை வெடிக்கும்படி செய்துவிடுகிறது. சித்தாளின் கையில் இருப்பது பல சமயம் தொற்று நோயே அல்ல. ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் இந்தக் குரோமியத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். சிமெண்டில் இரும்பு உப்பைச் சேர்த்தால் அது குறைகிறது. பிரமாதமான வித்தையல்ல. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே குரோமியத்தால் வரும் நோய்கள் தொழில் நோய் அட்டவணையில் இடம்பெற்றிருந்தன. அட்டவணையைக் காட்டி நஷ்டஈடு வாங்கிய சித்தாள் ஒருவரையேனும் நாம் இதுவரை சந்தித்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. தேமலும் வெளிறிய திட்டுதான். ஆனால் அதில் உணர்ச்சி இருக்கும். வெளிறிய அல்லது சிவந்த திட்டில், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் தெரியவில்லையென்றால், அது தொழுநோயாக இருக்கலாம். 2005இல் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்த நாட்டில் இன்றும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உரிய காலத்தில் சாப்பிட்டால் ஊனமின்றிக் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றாது. வீட்டை விட்டு விலக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சிரங்கு கண்ட வீட்டில் எல்லோருக்கும், இரண்டு தடவைக்கும் போதுமான களிம்பு தர வேண்டும். விடுதிகளிலும் தொழிலாளர் கொட்டகைகளிலும் ஒரே நாளில் அனைவருக்கும் வைத்தியம் நடத்த வேண்டும். ஸ்டீராய்டு டியூபைச் சீட்டின்றி விற்கும் கடைகள் மீதும், அதைவிட முக்கியமாக அதைத் தயாரித்து அனுப்பும் கம்பெனிகள் மீதும் வழக்குத் தொடர வேண்டும். சிமெண்டுக்குக் குரோமிய வரம்பும், கொத்தனார், சித்தாள் அனைவருக்கும் கையுறையும் வேண்டும். இவற்றைச் சர்க்காரிடம் கோருகிறோம். விவசாயத் தொழிலாளர் சங்கமும், கட்டிடத் தொழிலாளர் சங்கமும், மாதர், வாலிபர் கிளைகளும் தத்தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இவ்வாரமே நேரில் சென்று, பெர்மெத்ரின் டியூப் எத்தனை கையிருப்பில் உள்ளது, ஒரு குடும்பத்துக்கு எத்தனை தரப்படுகிறது என்று கேட்டு, கிடைத்த பதிலை நமது காரியாலயத்துக்கு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.