தையலில் பிறந்த மரபு

பரதநாட்டிய மேடைகளில் தொகுப்புரை வழங்குவோர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: இக்கலை ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது, இவ்வுடை நம் பாரம்பரிய உடை. முதற்பகுதி குறித்து அறிஞர்கள் வாதிடட்டும். இரண்டாம் பகுதியில் வாதத்துக்கு அதிக இடமில்லை. புடவையைத் துண்டுகளாக வெட்டித் தைத்து, முன்புறம் விசிறியாக விரியும் மடிப்பை அமைத்து, நாடாவால் முடிந்துகொள்ளும் இந்த நாட்டிய உடை 1930களின் படைப்பு. அதன் பிறப்பில் தஞ்சைக்கு உள்ள பங்கைப் போலவே உருசிய பாலேவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ருக்மிணி தேவி அருண்டேல் 1928-இல் பம்பாயில் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் உடன் பயணித்தனர். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். உன் நாட்டின் ஆடலைத் தேடு என்று பாவ்லோவா சொன்னதாகக் கூறுவர். அந்தத் தேடல் அவரை மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1935-இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தோன்றியது.

அவர் பாலேயிலிருந்து அசைவுகளைக் கடன் வாங்கவில்லை. மேடையைப் பற்றிய பார்வையைப் பெற்றுக்கொண்டார். பாலேயில் உடை, ஒளி, பின்திரை யாவும் ஒரே திட்டத்தின் உறுப்புகள். காலின் வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பாவாடை படிப்படியாகக் குட்டையாயிற்று. அதே சிக்கல் இங்கும் எழுந்தது. அரைமண்டியில் இருபுறமும் விரியும் முழங்காலின் அழகு, அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிவது எப்படி? விடை, தைத்த விசிறி. கோயிற் சிற்பங்களை முன்மாதிரியாகக் கொண்டு ருக்மிணி தேவி உடையைக் கற்பனை செய்ய, அதைத் துணியில் வடிக்கத் துணைநின்றவர் கசான் என்ற இத்தாலியப் பெண்மணி. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. கடன் வாங்காத கலை உலகில் எங்கும் இல்லை.

நமது வருத்தம் வேறு. புதியதற்குப் ‘பழமை’ என்று பெயர் சூட்டியபோது, பழையதற்கு என்ன பெயர் கிடைத்தது?

சதிர் ஆடிய பெண்கள் பைஜாமாவின்மேல் கனத்த பட்டுப்புடவையைச் சுற்றிக் கட்டி, சரிகை ரவிக்கை அணிந்து ஆடினர். கோயிலிலும் அரண்மனையிலும் திருமணப் பந்தலிலும் அருகிருந்து பார்ப்போருக்காக ஆடிய ஆடல் அது. அப்புடவையைக் கட்டும் கைப்பழக்கமும் அந்தக் குடும்பங்களின் கலையறிவில் ஒரு பகுதி. 1930-இல் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். 1932-இல் அவருக்கும், நம் தாமிரபரணிக் கரையின் கல்லிடைக்குறிச்சியில் பிறந்த ஈ. கிருஷ்ணய்யருக்கும் இடையே நாளிதழ்களில் வாதம் மூண்டது. 1947-இல் சட்டம் நிறைவேறியது. இந்தப் பதினேழு ஆண்டுகளில் ஆடல் மேட்டுக்குடி வீடுகளுக்குள் நுழைந்தது. அதை ஆடிவந்த பெண்களில் பலர் மேடையை இழந்தனர். தைத்த உடை கௌரவத்தின் அடையாளமாயிற்று. சுற்றிக் கட்டிய புடவை ‘கண்ணியக் குறைவு’ என்ற பழியைச் சுமந்தது. 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைப்படத்தில், சதிர் மரபில் வந்த மோகனாவாகப் பத்மினி ஆடும்போதும் நாம் காண்பது தைத்த உடையைத்தான். பழைய ஆடலை நினைவுகூரும்போதே அதன் பழைய உடையை மறந்துவிடுகிறோம்.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, ஏழு வயதில் 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். 1973-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். உலகமெங்கும் ஆடிய அவர் தம் குடும்ப மரபுப்படி புடவையைச் சுற்றிக் கட்டியே ஆடினார். சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் அவர் கடற்கரையில் ஆடுகிறார். காற்றில் முந்தானை பறக்கிறது. அந்தக் காட்சியில் கண்ணியம் குறைந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

தமிழ் பயின்றவர்கள் சிலப்பதிகாரத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். கடலாடு காதையில் வரும் பதினோராடலும் அதனதற்குரிய அணியோடு ஆடப்பட்டவை. அதாவது, ஒரே உடையே மரபு என்ற எண்ணம் இளங்கோவடிகளுக்கு இல்லை. அதே காதையில் மாதவி பூந்துகிலின்மேல் முப்பத்திரண்டு வடமுள்ள முத்து மேகலை அணிகிறாள். கொற்கைக் கடல் முத்தெடுத்த இக்கரையில் வாழும் நமக்கு அந்த மேகலை அந்நியமன்று. ஆனால் அவள் துகிலைத் தைத்து அணிந்ததாக அங்கே செய்தி இல்லை.

இத்தனையும் எழுதத் தூண்டியது சில ஆண்டுகளுக்குமுன் கண்ட ஒரு நிகழ்ச்சி. கல்லூரிகளுக்கிடையிலான நடனப் போட்டி. எங்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, வாடகை உடைக்குப் பணம் புரட்ட இயலாமல், தாயின் பட்டுப்புடவையைப் பைஜாமாவின்மேல் இழுத்துக் கட்டி ஆடினாள். தாளம் பிசகவில்லை; அபிநயம் நெஞ்சைத் தொட்டது. ‘பாரம்பரிய உடை இல்லை’ என்று நடுவர்கள் ஐந்து மதிப்பெண் குறைத்தனர். அவள் கட்டியிருந்தது, அவர்கள் கேட்ட உடையைவிட மூத்த மரபின் சாயல் என்பதை அங்கிருந்தோரில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அறியாமை இப்படித்தான் ஏழைப் பிள்ளையின் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது.

தைத்த உடையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை நாம். அழகும் வசதியும் உடைய கண்டுபிடிப்பு அது; ருக்மிணி தேவியின் மேதைமைக்குச் சான்று. அதை அப்படியே சொல்வோம் என்பதே நம் வேண்டுகோள். போட்டி விதிகளில் ‘பாரம்பரிய உடை’ என்று எழுதுவோர், புடவைக் கட்டையும் அதில் சேர்க்கட்டும். நாட்டிய வகுப்புகளின் சுவரில் ருக்மிணி தேவியின் படத்துக்கு அருகே பாலசரஸ்வதியின் படமும் தொங்கட்டும். தொகுப்புரை எழுதும் ஆசிரியர்கள், இவ்வுடை 1930களில் அடையாற்றில் உருவானது, அதற்கு முன் ஆடியவர்கள் புடவை கட்டி ஆடினார்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். பெயர் இழந்த அந்தப் பெண்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு சிறு பகுதியாவது அதனால் தீரும்.