வில்லில் ஏறுமா சாமுராய்?

போன வருஷம் நம் கலைவிழாவுக்கு நிகழ்ச்சிகள் கேட்டு நோட்டீஸ் ஒட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? நானும் ஒரு தாளில் 'வில்லுப்பாட்டு, அரை மணி நேரம்' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய சீனியர் படித்துவிட்டுச் சிரித்தார். "அம்மன் கோயில் திருவிழாவாடா நடத்தறோம்?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சிரித்தது எனக்குப் பெரிசாகப் படவில்லை. நான் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் எங்கள் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் முப்பது வருஷம் குடம் அடித்தவர். அப்பா பிழைப்புக்காகப் பட்டணம் வந்து தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பண்டல் தூக்குகிறார். மந்தைவெளியில் ஒண்டுக்குடித்தனம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் வருஷம் ஒருத்தர் "தாத்தா என்ன தொழில்?" என்று கேட்டபோது "விவசாயம்" என்றேன். குடம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது சாமுராய்க்கு வருகிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதாவது ஜப்பான் கம்பெனியில் நுழைந்துவிடலாம் என்ற ஆசையில் நம்மில் பலர் சாயங்காலம் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறோம். அங்கே சாமுராய் பேச்சு எழாத நாளே கிடையாது. கார்ட்டூனில் பார்த்தது, செல்போனில் விளையாடியது, வாள் எப்படிப் பிடிப்பது என்று ஸ்கேலை வைத்துக் காட்டுவது... ஒருநாள் எங்கள் டீச்சர், "வாளை விடுங்கப்பா, ஒரு கதை கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

1184-ம் வருஷம். தைரா, மினமோட்டோ என்று இரண்டு வம்சங்களுக்குள் சண்டை. இச்சினோதானி என்ற கடற்கரையில் தைரா படை தோற்று, படகுகளை நோக்கி ஓடுகிறது. கடைசியாக ஒருத்தன் மட்டும் குதிரையோடு கடலில் இறங்குகிறான். எதிர்ப்படை வீரன் குமாகாய் கரையில் நின்று விசிறியை ஆட்டி, "முதுகு காட்டி ஓடுகிறாயா?" என்று கூப்பிடுகிறான். அவன் திரும்பி வருகிறான். குமாகாய் அவனைக் கீழே தள்ளி, தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். பார்த்தால், பதினாறு பதினேழு வயசுப் பையன்! தன் மகனுக்கும் அதே வயசு. விட்டுவிடலாம் என்று நினைக்கிறான். ஆனால் பின்னால் தன் ஆட்களே வந்துகொண்டிருக்கிறார்கள். தான் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள். அழுதுகொண்டே வெட்டுகிறான். அப்புறம் பார்த்தால் பையன் இடுப்பில் ஒரு புல்லாங்குழல். அன்று விடியற்காலை எதிரி முகாமிலிருந்து கேட்ட குழலோசை இவனுடையதா என்று நெஞ்சு உடைந்துபோகிறான். பின்னால் அவன் வாளை வைத்துவிட்டுத் துறவியாகிறான். அந்தப் பையன் பெயர் அத்சுமோரி.

வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. ஸ்கேலைத் தூக்கி ஆடியவன்கூடக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

இந்தக் கதையை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியது யார் தெரியுமா? கண் தெரியாத பாடகர்கள்! தலையை மழித்து, துறவிக் கோலத்தில், 'பிவா' என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள். 1185-ல் நடந்த கடற்போரில் தைரா வம்சம் அடியோடு அழிந்தது. ஆட்சி ஜெயித்தவனுக்குப் போனது. பாட்டு மட்டும் தோற்றவனுக்குக் கிடைத்தது. அப்படிப் பாடினால் செத்தவர்களின் ஆவி சாந்தியடையும் என்று நம்பினார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நம்ம ஊர் விஷயம் ஆச்சே! திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சீமையில் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டில் பாடுவது யார் கதையை? பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர்கள் கதையைத்தான். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணன். செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கட்டிக்கொள்வதற்காகத் தன் சாதியையே உதறினான். மாமனாரின் மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இன்றும் பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குச் சன்னிதி உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்து நமக்குக் கொடுத்தார். (சில பாடங்களில் அந்தப் பெண்களையே பிறப்பில் பிராமணர் என்று மாற்றிவிட்டார்கள். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று நானே சொல்ல வேண்டுமா?)

அத்சுமோரியைப் பற்றி அன்று ராத்திரியே தாத்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "ஏலே, அந்தப் பையனைப் பெத்தவ பேரு என்னடே?" என்றார்.

"தெரியாது தாத்தா. அப்பா பேரு சுனேமோரி."

"பொறப்பு பாடாம எப்படிடே சாவு பாடுவே? தாயி வயித்துல வந்ததப் பாடி, தொட்டில் கட்டி, அந்தக் கொழலு எப்படிக் கைக்கு வந்துச்சுன்னு பாடி... அப்புறமில்லா வெட்டணும்!"

எட்டாம் வகுப்பு படிக்காத மனுஷன். ஜப்பான் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆனால் கதை எங்கே நிற்கும், எங்கே விழும் என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். குடம் என்று சொல்ல வெட்கப்பட்டேனே, அந்தக் கைக்குள் இருந்த படிப்பு இது.

"நம்ம கதையே அழிஞ்சிட்டிருக்கு, இதுல சாமுராய் கதை வேற எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கதைகளும் வாத்தியங்களும் எப்போதும் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன. பிவாவே சீனத்திலிருந்து போனதுதான். மயிலாப்பூர் சபாக்களில் நாம் கேட்கும் கதாகாலட்சேபம், தஞ்சாவூர் மராட்டியர் காலத்துக் கீர்த்தன முறையைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழாக்கியதால் வளர்ந்தது. அந்தக் காலட்சேபத்தையே கலைவாணர் என்.எஸ்.கே. எடுத்து, நந்தனார் கதையைப் புரட்டிப்போட்டு, 'கிந்தனார்' என்று 'நல்லதம்பி' (1949) படத்தில் நடத்தினார். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட கிந்தன் கோயிலுக்குப் போக ஆசைப்படவில்லை. படிக்க ஆசைப்பட்டுப் பட்டணம் வருகிறான். படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பிப் போகிறான்! தி.நகரில் 1969 ஜனவரியில் அண்ணா திறந்துவைத்த கலைவாணர் சிலையைத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. கிந்தனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நம்மில் பாதிப் பேர் கதை அல்லவா அது!

வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் அய்யா நெல்லைச் சீமை சத்திரம் புதுக்குளத்திலிருந்து வந்து, இந்தச் சென்னையில் இருந்துகொண்டு ராமாயணத்தையும் பாடினார், காந்தி கதையையும் பாடினார். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 அக்டோபரில் மறைந்தார். கோயில் வாசலில் மட்டும் நின்றிருந்த வில்லை வானொலி வரைக்கும் கொண்டுபோனவர். காந்தியைத் தாங்கிய வில்லு ஒரு சாமுராயைத் தாங்காதா?

ஒரு எச்சரிக்கை மட்டும். சாமுராய் என்றாலே வீரம், மானம் என்று மயங்கிவிட வேண்டாம். அவர்களும் மேலே உட்கார்ந்து மற்றவனை ஏவிய ஒரு வர்க்கம்தான். வாளைப் பாடினால் அது சினிமா விளம்பரம். குமாகாயின் அழுகையைப் பாடினால்தான் அது கதை.

நான் கேட்பது இவ்வளவுதான். வருகிற கலைவிழாவில் ஏழெட்டு குத்தாட்டத்துக்கு நடுவே அரை மணி நேரம். முதலில் அத்சுமோரி, கூட்டம் சேர அந்தப் பெயர் போதும். அது எடுபட்டால் அடுத்த வருஷம் முத்துப்பட்டன். செலவும் அதிகமில்லை. வில்லுக்கு ஒரு நீளக் கம்பு, நாணுக்குத் தோல் வார், கட்டித் தொங்கவிட மணிகள், வீசுகோல் இரண்டு, ஒரு மண்பானை. மணியும் கோலும் நம் ஒர்க்ஷாப்பிலேயே செய்யலாம். பானை வாயில் மட்டையால் அடித்தால் உள்ளே காற்று அதிர்ந்து 'கும்' என்று ஏன் கேட்கிறது என்று ஃபிசிக்ஸில் ரெசனன்ஸ் பாடத்தில் படித்துவிட்டோம். கேட்டுத்தான் பார்க்கவில்லை.

பொங்கல் லீவில் ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் பத்து நாள் பழகிவிட்டு வந்திருக்கிறேன். இடது கை இன்னும் தாளத்துக்கு வரவில்லை. ஆனாலும் குடத்துக்கு ஆள் இருக்கிறது. வில்லடித்துப் பாட ஒருத்தர், உடுக்கைக்கு ஒருத்தர், ஜால்ராவுக்கு ஒருத்தர், 'ஆமா' போட உரத்த குரலில் இரண்டு பேர் வேண்டும். பெண்களும் வரலாம். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, 'பி' பிரிவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபிட்டிங் ஷாப் பின்னால் இருப்பேன். அத்சுமோரியின் அம்மா பெயர் யாருக்காவது தெரிந்தால் அதையும் வந்து சொல்லுங்கள். தாத்தா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.