எரிமலைத் தீவும் இரணைதீவும்

எரிமலைத் தீவுகளைக் கப்பலிற் சுற்றிவந்து, வழிகாட்டியின் துணையோடு அங்குள்ள விலங்குகளையும் பறவைகளையும் கண்டு மீளும் உல்லாசப் பயணம் உலகெங்கும் பெருமதிப்புப் பெற்றுள்ளது. ஈழத்தின் வடபகுதித் தீவுகளையும் அவ்வாறே வளர்க்கவேண்டும் என்போர் உளர். அவர்கள் மாதிரியாகக் காட்டுவது ஈக்குவடோருக்குரிய கலாபகோஸ் தீவுகளை. இவ்வாதத்தின் அடியில் ஓர் எண்ணம் மறைந்து நிற்கின்றது: மனிதரில்லாத தீவே இயற்கைத் தீவு என்பது. அது பிழையானது; வன்னியைப் பொறுத்தவரை ஆபத்தானதுமாகும்.

கலாபகோஸ் தீவுகள் கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பால் எழுந்தவை. கண்டத்துடன் ஒருபோதும் இணைந்திருந்தவையல்ல. 1535இல் பனாமாவின் ஆயர் தோமாஸ் டி பெர்லாங்காவின் கப்பல் அங்கு ஒதுங்கியபோது குடிகள் எவரும் இருக்கவில்லை. 1835இல் டார்வின் கண்ட ஆமைகளும் குருவிகளும் கடலாலும் காற்றாலும் வந்து சேர்ந்தவற்றின் வழித்தோன்றல்களே. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவும் குடியற்ற எரிமலைத் தீவேயாகும். அங்கெல்லாம் ஆளில்லாமை இயற்கை தந்தது.

பாக்கு நீரிணைத் தீவுகளோ எரிமலை பெற்றவையல்ல. ஆழங்குறைந்த கடலிற் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் மணலும் கொண்டு அமைந்தவை அவை. நெடுந்தீவின் புகழ்பெற்ற குதிரைகள்கூட ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் கொண்டுவரப்பட்டவற்றின் சந்ததியே. மனிதரைக் கழித்துவிட்டால் இத்தீவுகளின் விலங்கு வரலாறும் குறைபட்டுப்போகும்.

மாங்குளத்திலிருந்து மல்லாவி வழியாக மேற்கே வெள்ளாங்குளம் சென்று, வடக்கே முழங்காவிலை அடைந்தால், இரணைதீவுக்குப் படகேறும் கரை அணித்தாகும். 1992இல் அத்தீவு மக்கள் வெளியேற நேர்ந்தது. கால் நூற்றாண்டுக் காலம் அவர்கள் இரணைமாதா நகரில் இருந்து தம் ஊரைக் கடலுக்கப்பாற் பார்த்திருந்தனர். 2017 மே மாதம் போராட்டந் தொடங்கினர். 2018 ஏப்ரல் 23இல் தாமே படகேறிச் சென்று கரையிறங்கினர். ஆயினும் 2021 மார்ச்சில், கொவிட் நோயால் இறந்தோரைப் புதைக்கும் இடமாக அரசாங்கம் அத்தீவையே தேர்ந்தது. தீவு மக்கள் எதிர்த்தெழுந்தனர். உடல்கள் ஓட்டமாவடியில் அடக்கஞ் செய்யப்பட்டன. வரைபடத்தை மட்டும் நோக்குபவனுக்கு இரணைதீவு வெற்றிடம். கப்பற் பயணம் விற்பவனின் கண்ணும் அதே கண்ணாகிவிடக்கூடாது.

இந்த உண்மையை மல்லாவிக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1996இற் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது பல்லாயிரவருக்கு அடைக்கலம் தந்த அவ்வூர், 2008இல் தானே வெறிச்சோடியது. அந்நாளில் ஒரு பயணி அவ்வழி வந்திருந்தால், வவுனிக்குளத்தையும் அதன் நீர்ப்பறவைகளையும் கண்டு, மனிதன் கை படாத நிலம் என வியந்திருப்பான். அக்குளமோ பண்டு மனிதர் கட்டியது. பின்வந்த மனிதர் மீளத் திருத்தியது. ஆளற்ற ஊரின் அமைதியை இயற்கையின் அமைதியெனக் கொள்வது அறியாமை. அதனை விலைபேசுவது அநீதி.

அப்படியாயின் விலங்குகளுக்குப் பாதுகாப்பு வேண்டாவோ எனக் கேட்கலாம். வேண்டும். 2015இல் சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசிய பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. கட்டுப்பாடற்ற பயணிகளால் அவற்றுக்கு வரும் கேடு சிறிதன்று. கலாபகோசில் ஒரு வழிகாட்டியின் கீழ்ப் பதினாறு பேருக்கு மேற் செல்லவியலாது. குறித்த பாதையைவிட்டு விலகவும் இயலாது. கற்கவேண்டியது அவ்வொழுங்கையேயன்றி, ஆளில்லாமையையன்று. அங்கும் இன்று நான்கு தீவுகளில் ஊர்கள் உள்ளன என்பதை மறத்தலாகாது.

ஆதலின் முறை இதுவே: முதலிற் காணியுரிமை, குடிநீர், பாடசாலை, தடையற்ற தொழிற்கடல்; அதன் பின்னரே பயணிகள். படகு இரணைதீவாரின் படகாயிருத்தல் வேண்டும். வழிகாட்டி அக்கடலில் வலை வீசியவனாயிருத்தல் வேண்டும். எப்பறவை எப்பருவத்தில் எக்கரையில் இறங்கும் என்பதை அவனே அறிவான். அவனை அகற்றிவிட்டுத் தீவைக் காட்டுபவன் காட்டுவது இயற்கையையன்று. ஓர் இடப்பெயர்வின் எச்சத்தையே.